பக்கவாதம் வந்தவர் மீண்டும் வரப்பில் நடக்க முடியுமா? சமநிலைப் பயிற்சி பற்றி தெரிஞ்சுக்க வேண்டியவை

"எப்ப வயலுக்குப் போகலாம்?" பக்கவாதத்தில் இருந்து பிழைத்து வீடு திரும்பும் டெல்டா விவசாயிகள் பலர் கேட்கும் கேள்வி இது. கை, கால் அசைவு ஓரளவு திரும்பியிருந்தாலும் எழுந்து நின்றால் உடம்பு ஒரு பக்கமாகச் சாயும். தவறி விழுந்தால் இடுப்பு எலும்பு முறியலாம். அந்தப் பயத்திலேயே நடப்பதை விட்டுவிடுபவர்களும் உண்டு.

சமநிலை ஏன் தவறுகிறது?

கண், உள்காது, பாதத்தின் தொடு உணர்ச்சி ஆகிய மூன்றும் தரும் தகவலை வைத்துதான் மூளை நம்மை நிமிர்த்தி நிறுத்துகிறது. பக்கவாதத்தில் இந்த இணைப்பு பாதிக்கப்படலாம். பலவீனமான காலை நம்பாமல், உடல் எடை முழுவதும் நல்ல காலுக்கே போய்விடும்.

என்னென்ன பயிற்சிகள்?

* கையை ஊன்றாமல் நாற்காலியில் இருந்து எழுந்து உட்காருவது
* நின்றபடி எடையை இரண்டு கால்களுக்கும் மாற்றி மாற்றிக் கொடுப்பது
* கையை நீட்டி எட்டியிருக்கும் பொருளை எடுப்பது
* தரையில் கோடு போட்டு, குதிகாலையும் விரலையும் ஒட்டி வைத்து நடப்பது

கடைசிப் பயிற்சிதான் வரப்பு நடைக்கு ஒத்திகை. வரப்பு குறுகலானது, மேடு பள்ளமானது, ஈரமானால் வழுக்கும். அதனால் வீட்டுத் தரை, வாசல்படி, தெரு, கடைசியாக காய்ந்த வரப்பு என்ற வரிசையில்தான் போகணும். பிசியோதெரபிஸ்ட் சரி என்று சொன்ன பிறகும் தனியாகப் போகக் கூடாது.

வீட்டில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டியது

பலவீனமான பக்கத்தில், சற்றுப் பின்னால் நில்லுங்கள். அந்தக் கையைப் பிடித்து இழுக்காதீங்க, தோள்மூட்டு விலகிவிடும். ஊன்றுகோல் நல்ல கையில் இருக்கட்டும். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது பலவீனமான கால் முதலில். தொளதொள ரப்பர் செருப்பு வேண்டாம்.

வீட்டுப் பயிற்சி மட்டும் போதுமா?

இந்தியாவில் 14 மருத்துவமனைகளில் 1,250 நோயாளிகளிடம் நடந்த 'அட்டெண்ட்' ஆய்வின் முடிவு 2017-ல் லான்செட் இதழில் வெளியானது. குடும்பத்தினருக்குப் பயிற்சி கொடுத்து அவர்களையே செய்ய வைத்ததில், வழக்கமான சிகிச்சையைவிட கூடுதல் பலன் தெரியவில்லை. ஆக, குடும்பத்தின் துணை அவசியம்தான், ஆனால் பிசியோதெரபிஸ்ட் அவ்வப்போது பார்த்து பயிற்சியை மாற்றிக் கொடுக்கணும்.

சிகிச்சை எங்கே கிடைக்கும்?

தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையை அணுகலாம். போக முடியாதவர்களுக்கு, 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி தருகிறார்கள். அருகில் உள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

எப்போது உஷாராகணும்?

வாய் கோணுதல், பேச்சு குழறுதல், திடீர் தள்ளாட்டம் இருந்தால் பயிற்சியை நிறுத்திவிட்டு உடனே 108-ஐ அழையுங்கள். ரத்த அழுத்த மாத்திரையை நீங்களாகவே நிறுத்தாதீங்க.