கொந்தராத்துக்காரர் வந்த கதை

நான் சிறுவனாக இருந்த காலத்தில் எங்கள் ஊரில் வீடு கட்டுவதற்காகக் கொந்தராத்துக்காரரைத் தேடிப் போனவர் எவரும் இருந்ததாக எனக்கு நினைவில்லை. ஐரோப்பியர் காலத்தில் நம்மிடம் வந்து ஒட்டிக்கொண்ட அந்தச் சொல், வீதிக்கும் மதகுக்கும் அரசினர் பாடசாலைக் கட்டடத்துக்கும் உரியதாகவே இருந்தது. வீடு என்றால் நாள் பார்த்து அத்திவாரக் கல் வைப்பார்கள். மேசனாரைத் தனியே அழைப்பார்கள். தச்சரைத் தனியே அழைப்பார்கள். ஓடு போடுபவர் வேறொரு ஊரிலிருந்து வருவார். எல்லோருக்கும் மேலே வீட்டுக்காரர் இருப்பார். எங்கள் வீடு எழும்பியபோது என் தந்தையார் வேப்பமர நிழலில் சாய்மனைக் கதிரையைப் போட்டு, மடியில் ஒரு கொப்பியை வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் இருந்தார். எத்தனை வண்டி கல், எத்தனை மூடை சுண்ணாம்பு, யாருக்கு எவ்வளவு கூலி என்பதெல்லாம் அக்கொப்பியில் இருந்தன. முடிவில் வீட்டுக்கு எவ்வளவு செலவாகும் என்பது மட்டும் அதில் இருக்கவில்லை. அது வீடு முடிந்த பிறகுதான் தெரியவந்தது.

2012 ஆம் ஆண்டில் அதே வீட்டைத் திருத்த வேண்டி வந்தது. போருக்குப் பின்னரான காலம். நான் கொழும்பில் இருந்தேன். என் சகோதரர்கள் மூன்று நாடுகளில் இருந்தார்கள். வேப்பமரத்தடியில் உட்காருவதற்கு ஆள் இல்லை. ஆகவே முழு வேலையையும் ஒருவரிடம் ஒரே தொகைக்குக் கொந்தராத்தாகக் கொடுத்தோம். வேலை முடிந்து முதல் மாரியிலேயே கூடத்தின் தென்மேற்கு மூலையில் ஒழுக்கு ஏற்பட்டது. கேட்டால், ஓடு சரி, பீலிதான் பிழை என்றார் ஓடு போட்டவர். பீலி சரி, தச்சர் வைத்த மரத்தின் வாட்டம்தான் பிழை என்றார் பீலி வைத்தவர். மேசன் சுவரை உயர்த்தியபடியே தாம் மரத்தை வைத்ததாகத் தச்சர் சொன்னார். கொந்தராத்துக்காரரோ, அவர்கள் எவரும் தம்முடைய ஆட்கள் அல்லர், நாட்கூலிக்கு வந்தவர்கள் என்றார். அதற்குப் பிறகு அவர் தொலைபேசியை எடுக்கவில்லை.

அந்தக் கோபத்தோடுதான் இந்தக் கொந்தராத்துக்காரர் என்பவர் எங்கே, எதற்காகத் தோன்றினார் என்று தேடத் தொடங்கினேன். தேடல் என்னை ஏறக்குறைய 200 ஆண்டுகளுக்கு முந்திய இலண்டனுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது. அங்கே கேட்ட முறைப்பாடும் என் கூரையைப் பற்றிய முறைப்பாடு போலவே இருந்தது.

பதினெட்டாம் நூற்றாண்டு இலண்டனில் ஒரு நல்ல வீட்டைக் கட்டுவிக்க விரும்பும் சீமான், செங்கல் கட்டுபவர், கல்வேலைக்காரர், தச்சர், சாந்து பூசுபவர், ஈயவேலை செய்பவர், கண்ணாடி பதிப்பவர், வர்ணம் பூசுபவர் என ஒவ்வொரு தொழிலின் ஆசானோடும் தனித்தனியே பேரம் பேச வேண்டியிருந்தது. வேலை முடிந்தபின் அளவையாளர் ஒருவர் வந்து அளந்து மதிப்பிட்டுக் கூலி சொல்வார். ஆகையால் மொத்தச் செலவை முன்கூட்டியே எவராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஓர் ஆசான் பிந்தினால் மற்றவர் எல்லோரும் கை கட்டி நிற்பர். பிழை நேர்ந்தால் அது அடுத்தவருடையதாகவே இருக்கும். நெப்போலியனுடனான போர்க் காலத்தில் படைமுகாம்களை அவசரமாகக் கட்ட வேண்டி வந்தபோது, முழு வேலையையும் ஒரே தொகைக்கு ஒருவரிடம் ஒப்படைக்கும் வழக்கம் பரவியது. ஆனால் அத்தகையோரும் பெரும்பாலும் பிற ஆசான்களுக்கு வேலையைப் பகிர்ந்து கொடுத்தவர்களே.

இதை மாற்றியவராகக் கட்டட வரலாற்றாளர் குறிப்பிடுவது தோமஸ் கியூபிற் என்பவரை. 1788 இல் நோர்ஃபோக் மாவட்டத்தில் பிறந்தவர். தொழிலால் தச்சர். இளவயதில் கப்பல் தச்சராக இந்தியாவுக்குப் போய்த் திரும்பி, அப்பயணத்தில் சேர்த்த பணத்தைக் கொண்டு இலண்டனில் சொந்தமாகத் தொழில் தொடங்கியவர். (இலங்கைக் கரையில் அவர் கால் வைத்தாரா என்று கேட்க எனக்கும் ஆசைதான்.) 1815 இல் 'லண்டன் இன்ஸ்ரிரியூசன்' என்ற கல்விக் கழகத்தின் கட்டடத்தை எழுப்பும் வேலை அவருக்குக் கிடைத்தது. பிற ஆசான்களை நம்பிக்கொண்டு நாள் குறிக்க முடியாது என்பதை அவ்வேலையில் உணர்ந்துகொண்டார். கிறேஸ் இன் வீதியில் நிலம் எடுத்துத் தொழிற்கூடங்களை அமைத்தார். கொத்தர், தச்சர், சாந்து பூசுவோர், இரும்பு வேலை செய்வோர் என எல்லாத் தொழிலாளரையும் தம்மிடமே நிரந்தரமாக வேலைக்கு அமர்த்தினார்.

கேட்பதற்கு இது எளிய காரியமாகத் தோன்றலாம். இதன் சுமையை எண்ணிப் பார்க்க வேண்டும். கட்டட வேலை ஆண்டு முழுவதும் ஒரே சீராக வருவதன்று. வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் நூற்றுக்கணக்கானோருக்கு வாரக்கூலி கொடுத்தாக வேண்டும். வேலையில்லாத நாட்களில் அவர்களை என்ன செய்வது? அதற்காகவே கியூபிற் தாமே நிலம் குத்தகைக்கு எடுத்து வீடுகளைக் கட்டி விற்கலானார். புளூம்ஸ்பரியின் சதுக்கங்களும், 1820களின் நடுப்பகுதியிலிருந்து குறோவனர் பிரபுவின் நிலத்தில் எழுந்த பெல்கிரேவியாவும், பின்னர் பிம்லிகோவும் இவ்வாறு வளர்ந்தன. இன்று இலண்டனின் பெருஞ்செல்வர்கள் வாழும் அந்த வெள்ளை நிற வீட்டு வரிசைகளில் ஒரு பகுதி, தச்சர்களுக்கும் கொத்தர்களுக்கும் வேலை இல்லாமற் போய்விடக்கூடாது என்ற கவலையில் பிறந்தது.

ஆனால் என்னைக் கவர்ந்தது பெல்கிரேவியா அன்று. விக்டோரியா மகாராணியார் தமக்கென்று கட்டுவித்த ஒரு வீடு. மகாராணியாருக்கு வீடா குறைவு என்று கேட்கலாம். மாளிகைகள் இருந்தன, அவற்றைக் கவனிப்பவர்கள்தாம் மூன்று திசையில் நின்றார்கள். அல்பேட் இளவரசரின் ஆலோசகரான ஸ்ரொக்மார் பிரபு 1840களின் தொடக்கத்தில் அரச மாளிகை நிருவாகத்தைப் பற்றி ஓர் அறிக்கை எழுதினார். அடுப்பில் விறகை அடுக்குவது ஒரு திணைக்களத்தின் வேலை, அதற்குத் தீ மூட்டுவது இன்னொரு திணைக்களத்தின் வேலை என்பதும், யன்னற் கண்ணாடியின் உட்புறத்தை ஒரு திணைக்களமும் வெளிப்புறத்தை வனத் திணைக்களமும் துடைக்க வேண்டும் என்பதும் அதிற் கண்ட செய்திகள். இரண்டும் ஒரே நாளில் துடைக்கப்படுவது அரிது என்பதால், மகாராணியார் கலங்கிய கண்ணாடியூடாகவே உலகைப் பார்த்து வந்தார். கொழும்பிலே அரச அலுவலகங்களின் படிகளில் ஏறி இறங்கிச் செய்தி சேகரித்த எனக்கு இது வியப்பளிக்கவில்லை.

பக்கிங்ஹாம் மாளிகையின் கதையும் அப்படித்தான். ஜோன் நாஷ் என்ற புகழ்பெற்ற கட்டடக் கலைஞரின் பொறுப்பில் நடந்த அதன் வேலைக்கு 1829 அளவில் ஏறக்குறைய 5 இலட்சம் பவுண் செலவாகிவிட்டது. நாஷ் பதவி இழந்தார்.

ஆகவே, 1845 இல் மகாராணியாரும் அல்பேட் இளவரசரும் வைற் தீவில் ஒஸ்போர்ண் என்ற காணியைத் தம் சொந்தப் பணத்தில் பெற்றபோது, அரச திணைக்களங்களை வாசற்படி ஏற விடவில்லை. வனத் திணைக்களத்தின் தொல்லையற்ற ஓரிடம் கிடைத்ததென்று மகாராணியார் தம் மாமனாரான பெல்ஜிய மன்னருக்கு மகிழ்ச்சியோடு எழுதினார். கட்டடக் கலைஞர் ஒருவரையும் அவர்கள் அமர்த்தவில்லை. நேரே கியூபிற்றை அழைத்தார்கள். காணியிலிருந்த பழைய வீட்டைப் பெருப்பித்துத் திருத்தலாம் என்பது முதல் எண்ணம். பார்வையிட்ட கியூபிற், அதைத் திருத்துவதிலும் பார்க்கப் புதிதாகக் கட்டுவதே நன்று என்று சொல்லிவிட்டார். தமக்கு வேலை பெருக வேண்டும் என்பதற்காக அவர் அவ்வாறு சொல்லியிருக்கக் கூடும் என்று ஒரு செய்தியாளனின் மனம் ஐயுறுவது இயல்பு. நடந்ததைப் பார்க்கையில் அந்த ஐயம் நிற்கவில்லை.

1845 ஜூன் மாதத்தில் அடிக்கல் நாட்டப்பட்டது. 1846 செப்டெம்பரில் அரச குடும்பம் புதிய வீட்டின் முதற் பகுதியில் குடிபுகுந்தது. அதாவது 15 மாதங்கள். இத்தாலிய மாளிகைகளின் சாயலில் வீடு அமைய வேண்டும் என்ற எண்ணம் அல்பேட்டினுடையது. அந்த எண்ணத்தைச் சுவராகவும் தளமாகவும் ஆக்கியது கியூபிற்றின் ஆட்கள். தீ பரவாதிருக்கும் பொருட்டு, தளங்கள் மரத்தால் அன்றி இரும்பு உத்தரங்களுக்கிடையே செங்கல் வளைவுகளாகக் கட்டப்பட்டன. வேலையாட்கள் அவருடைய சொந்த ஆட்கள். வேலைகளும் இலண்டனில் தேம்ஸ் கரையில் இருந்த அவருடைய தொழிற்கூடத்தோடு தொடர்பு வைத்தே நடந்தன. நீராவி இயந்திரங்கள் ஓடிய பெருங்கூடம் அது. தச்சரும் கொத்தரும் ஒரே கணக்குப் புத்தகத்தில் கூலி வாங்கியவர்கள். தச்சர் மேசனைக் குறை கூறினாலும் முறைப்பாடு போய்ச் சேரும் இடம் ஒன்றே. மீதிப் பகுதிகள் 1851 அளவில் நிறைவெய்தின. இதற்கிடையில், 1847 இல் பக்கிங்ஹாம் மாளிகையின் கிழக்கு முகப்பைக் கட்டும் வேலையும் கியூபிற்றுக்கே கொடுக்கப்பட்டது. வரைந்தவர் எட்வேட் புளோர். கட்டியவர் முன்னாளைய கப்பல் தச்சர்.

இந்தக் கதைக்கு மறுபக்கமும் உண்டு. அதை எழுதாமல் விடுவது நேர்மையன்று. அதுவரை தன் தொழிலுக்குத் தானே ஆசானாக இருந்த கொத்தரும் தச்சரும் இந்த ஏற்பாட்டில் கூலியாட்களாயினர். வீட்டுக்காரரோடு நேரே பேசும் உரிமை அவர்களிடமிருந்து போய்விட்டது. 1833 இல் லிவர்பூலில் கட்டடத் தொழிலாளர் சங்கத்தினர் போராட்டத்தில் இறங்கியபோது, இந்தக் கொந்தராத்து முறையையே கைவிடும்படி முதலாளிமாரிடம் கேட்டனர். அடுத்த ஆண்டு இலண்டனில் ஒரு விநோதம் நிகழ்ந்தது. கியூபிற் சகோதரர்களின் தொழிற்கூடத்தில் வேலை செய்தோர், சங்கத்தில் சேராதவர்களை வேலைக்கு வைத்திருந்த ஒரு வடிசாலையின் பியரைக் குடிக்க மறுத்தார்கள். அப்படியானால் வேறு எந்தப் பியரையும் உள்ளே கொண்டுவரக் கூடாது என்று முதலாளிகள் கட்டளையிட்டனர். பியரில் தொடங்கிய பிணக்குக் கதவடைப்பில் வந்து நின்றது. சங்கத்தைத் துறப்பதாகக் கையொப்பமிட்டால்தான் வேலை என்று இலண்டனின் கட்டட முதலாளிகள் ஒன்றுகூடித் தீர்மானித்தார்கள். மாதக்கணக்கில் நீடித்த அப்போராட்டத்தில் தொழிலாளர் தோற்றார்கள். தோமஸ் அப்போது கிறேஸ் இன் வீதித் தொழிலைத் தம்பி வில்லியத்திடம் விட்டுவிட்டிருந்தார் என்றாலும், அந்த முறையை உருவாக்கியவர் அவரே.

அவரைப் பற்றிய இன்னொரு செய்தியையும் இதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 1854 ஓகஸ்ட் மாதத்தில் தேம்ஸ் கரையிலிருந்த தொழிற்கூடம் தீப்பற்றி எரிந்தது. அக்காலத்தில் தச்சரின் கருவிகள் தச்சருக்கே சொந்தம். உளியும் இழைப்புளியும் வாளும் எரிந்துபோனால் அவருடைய முதலே போயிற்று. செய்தி எட்டியதும் கியூபிற், ஒரு வாரத்துக்குள் எல்லோருக்கும் மீண்டும் வேலை கிடைக்கும் என்றும், புதிய கருவிகள் வாங்கத் தாம் 600 பவுண் தருவதாகவும் ஆட்களுக்குச் சொல்லியனுப்பினார். அடுத்த ஆண்டு டிசெம்பரில் அவர் காலமானபோது 10 இலட்சம் பவுணுக்கு மேற்பட்ட சொத்து இருந்தது. அவரிலும் நல்ல மனிதர் ஒருவர் இருந்ததில்லை என்ற கருத்துப்பட மகாராணியார் தம் நாட்குறிப்பில் எழுதினார். ஒரு வீட்டுக்காரி தன் கொந்தராத்துக்காரரைப் பற்றி இவ்வாறு எழுதியதை வேறெங்கும் நான் படித்ததில்லை.

மகாராணியார் 1901 ஜனவரியில் அந்த ஒஸ்போர்ண் வீட்டிலேயே உயிர் நீத்தார். அடுத்த ஆண்டு ஏழாம் எட்வேட் மன்னர் அதை நாட்டுக்குக் கொடுத்துவிட்டார். இங்கிலாந்தில் வாழும் வாசகர்கள் இன்றும் அதைப் போய்ப் பார்க்கலாம். லாகூர்ச் சிற்பி பாய் ராம் சிங்கின் கைவண்ணத்தில் 1890களின் தொடக்கத்தில் எழுந்த தர்பார் மண்டபத்தைப் பார்க்கவே நம்மவர் பலரும் போகிறார்கள். அத்தோடு நில்லாமல், பழைய பகுதியின் தளங்களும் சுவர்களும் எப்படி நிற்கின்றன என்பதையும் சற்றுக் கவனிக்கலாம்.

கியூபிற் செய்த ஏற்பாட்டில் இரண்டு பாகங்கள் இருந்தன. முழு வேலைக்கும் ஒரே தொகை, ஒரே பொறுப்பாளி என்பது ஒன்று. அப்பொறுப்பைத் தாங்குவதற்குத் தன்னுடைய நிரந்தரமான ஆட்கள் என்பது மற்றது. அவருக்குப் பின்வந்தோர் முதலாவதை வைத்துக்கொண்டு இரண்டாவதை மெல்லக் கைவிட்டார்கள். வாரக்கூலிச் சுமை எவருக்கும் இனிப்பதன்று. இன்று இங்கிலாந்திலேயே பெரிய கட்டட நிறுவனங்கள் வேலையை உப ஒப்பந்தக்காரருக்குப் பிரித்துக் கொடுத்துத்தான் நடத்துகின்றன. அவர்களோ தமக்குக் கீழ் வேறு சிலருக்குக் கொடுக்கிறார்கள். 1815 க்கு முன்னிருந்த நிலை, நடுவில் ஒரு கையொப்பத்தோடு திரும்பி வந்திருக்கிறது. யாழ்ப்பாணத்தில் வெளிநாட்டுப் பணத்தில் எழும் வீடுகளின் நிலையும் இதுதான். கனடாவிலிருந்தோ சுவிற்சர்லாந்திலிருந்தோ பணம் அனுப்புகிறவர் தொலைபேசியில் படம் பார்க்கிறார். வர்ணம் பூசிய சுவர் படத்தில் அழகாகவே தெரியும். பீலியின் வாட்டம் படத்தில் தெரியாது.

சில ஆண்டுகளுக்கு முன் இலண்டன் சென்றிருந்தபோது பிம்லிகோவில் கியூபிற்றின் சிலையைப் பார்த்தேன். பிரபுக்களின் சிலைபோல் வாளும் குதிரையும் இல்லை. அளவெடுத்துக்கொண்டு நிற்கிறார், பக்கத்தில் செங்கல் அடுக்கியிருக்கிறது. எங்கள் வீட்டு ஒழுக்கைப் பற்றி அவரிடம் சொல்ல வேண்டும் போலிருந்தது.

அந்த ஒழுக்கைக் கண்டுபிடித்தவர், என் தந்தையாரின் காலத்தில் எங்கள் வீட்டுக்குத் தச்சுவேலை செய்தவரின் மகன். வயது எழுபதுக்கு மேல். ஏணி வைத்து ஏறிப் பார்த்துவிட்டு, "தம்பி, ஓடும் சரி, பீலியும் சரி, மரமும் சரி. மூண்டும் சந்திக்கிற இடத்திலைதான் ஆரும் கை வைக்கேல்லை" என்றார். அன்று மாலையே அவர் அதை அடைத்துவிட்டார். கூலி கேட்டபோது, மழை பெய்து பார்த்த பிறகு தரும்படி சொன்னார்.