புரூஸ் லீ: 32 வயதில் நின்றுபோன ஓட்டம்

1/
1973 ஜூலை 20, ஹாங்காங். தலைவலிக்குதுன்னு ஒரு மாத்திரை போட்டுக்கிட்டுப் படுத்தவர், திரும்ப எழுந்திருக்கவே இல்லை. வயசு 32. உடம்பில் வெளிக்காயம் எதுவும் கிடையாது.

அவர் புரூஸ் லீ. அவர் வாழ்க்கையையும், அந்த மரணத்தை மருத்துவம் எப்படிப் பார்க்குதுன்னும் இந்த இழையில் பார்ப்போம்.

2/
பிறந்தது 1940 நவம்பர் 27, சான் பிரான்சிஸ்கோவின் சைனாடவுனில். அப்பா லீ ஹோய்-சுவன், கான்டனீஸ் இசை நாடகக் கலைஞர். நாடகக் குழுவோடு அமெரிக்கா போன இடத்தில் பையன் பிறந்தான். சில மாதங்களில் குடும்பம் ஹாங்காங் திரும்பிடுச்சு. ஆனால் பிறந்த இடத்தால் பையன் அமெரிக்கக் குடிமகன். பின்னாடி அவர் தலையெழுத்தை மாற்றியது இதுதான்.

3/
ஹாங்காங்கில் குழந்தை நட்சத்திரம். கூடவே தெருச் சண்டை. பதின்ம வயதில் இப் மேன் என்ற ஆசானிடம் விங் சுன் கற்றார்.

நிறைய பேருக்குத் தெரியாத விஷயம்: 1958இல் ஹாங்காங்கின் சா-சா நடனப் போட்டியில் அவர் சாம்பியன்! எடையை எந்தக் காலில், எந்த நொடியில் மாற்றணும் என்ற கணக்கு ஆட்டத்துக்கும் சண்டைக்கும் ஒன்றுதான்.

4/
தெருச் சண்டைகள் போலீஸ் வரை போகவும், 1959இல் பெற்றோர் அவரை அமெரிக்காவுக்குக் கப்பலேற்றினாங்க. சியாட்டிலில் ரூபி சௌ என்பவரின் உணவகத்தில் சர்வர் வேலை. பிறகு வாஷிங்டன் பல்கலைக்கழகப் படிப்பு. கூடவே குங்ஃபூ வகுப்பு. கறுப்பரா, வெள்ளையரா, ஜப்பானியரான்னு பார்க்காமல் எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்தார். மாணவியாக வந்த லிண்டாவை 1964இல் மணந்தார்.

5/
அதே 1964, லாங் பீச் கராத்தே போட்டி. எதிராளியின் நெஞ்சுக்கு ஒரு அங்குல தூரத்தில் முஷ்டியை வைத்து ஒரே குத்து. ஆள் பின்னாடி இருந்த நாற்காலியில் போய் விழுந்தார்.

இதில் மந்திரம் எதுவும் இல்லை. விசை கணுக்காலில் தொடங்கி முழங்கால், இடுப்பு, தோள், முழங்கை, மணிக்கட்டுன்னு வரிசையா ஏறி வருது. தசையின் பருமனைவிட, நரம்பு அதை எந்த நேரத்தில் இயக்குது என்பதுதான் இங்கே முக்கியம்.

6/
1966-67இல் 'தி கிரீன் ஹார்னெட்' தொலைக்காட்சித் தொடர். ஹீரோவின் உதவியாள் கேட்டோ வேடம். தொடர் முடிந்ததும் பெரிய வாய்ப்பு வரலை. ஸ்டீவ் மெக்வீன், ஜேம்ஸ் கோபர்ன் மாதிரி நட்சத்திரங்கள் அவரிடம் காசு கொடுத்துச் சண்டை கற்றாங்க. வாத்தியாரா ஏற்றுக்கொண்ட ஹாலிவுட், ஹீரோவா மட்டும் ஏற்கலை.

7/
1970. தோளில் பளுவை வைத்து இடுப்பிலிருந்து முன்னால் குனியும் பயிற்சி. வார்ம்-அப் செய்யாமல் தூக்கினார்னு சொல்வாங்க. கீழ்முதுகு போச்சு. இனி உதைக்கவே முடியாதுன்னு டாக்டர்கள் சொல்லிட்டாங்க.

நாலாவது சாக்ரல் நரம்பு அடிபட்டதுன்னு புத்தகங்களில் இருக்கும். அந்த நரம்புக்கு முக்கிய வேலை சிறுநீர்ப்பை, இடுப்புத்தளப் பகுதியில்தான். உதைக்கக் காலைத் தூக்குவது அதன் வேலை இல்லை. அதனால் அந்த டயக்னோசிஸை நான் அப்படியே எடுத்துக்கிறதில்லை. எம்.ஆர்.ஐ. வராத காலம் அது. ஆனால் வலி நிஜம். கடைசி வரை கூடவே வந்தது.

8/
மாதக்கணக்கில் படுக்கை. அந்த நாட்களில் தன் சண்டைக் கலையைப் பற்றிக் குறிப்பு குறிப்பா எழுதித் தள்ளினார். அவர் இறந்த பிறகு 1975இல் அதில் பெரும்பகுதி 'தாவோ ஆஃப் ஜீத் குன் டோ' என்ற புத்தகமாச்சு.

9/
ஹாலிவுட் கதவு திறக்காததால் ஹாங்காங் திரும்பினார். 1971இல் 'தி பிக் பாஸ்', வசூல் சாதனை. 1972இல் 'ஃபிஸ்ட் ஆஃப் ஃப்யூரி'. அதில் சீனர்களை 'கிழக்காசியாவின் நோயாளி' என்று எழுதிக் கேலி செய்வாங்க. எழுதினதைக் கொண்டுவந்தவங்க வாயிலேயே அந்தக் காகிதத்தைத் திணிப்பார் லீ. அவமானம் சுமந்த ஒரு தலைமுறைக்கு அது வெறும் சண்டைக் காட்சி இல்லை.

10/
அதே ஆண்டு, அவரே எழுதி இயக்கிய 'தி வே ஆஃப் தி டிராகன்'. ரோம் கொலோசியத்தில் சக் நோரிஸோடு கடைசிச் சண்டை. கவனிச்சுப் பாருங்க: அடிக்கு முன்னாடி ரெண்டு பேரும் நிதானமா வார்ம்-அப் செய்வாங்க. முதுகு போன மனுஷன் எடுத்த படம் அது!

11/
1973 மே 10. டப்பிங் நேரம். சத்தம் பதிவாகும்னு ஏசியை நிறுத்திட்டாங்க. வேர்த்துக் கொட்டுது. மயங்கி விழுந்தார், வலிப்பு வந்தது. மூளை வீக்கம்னு கண்டுபிடித்து மானிடால் கொடுத்தாங்க. மூளையில் தேங்கிய நீரை ரத்தத்துக்கு இழுக்கும் மருந்து அது. பிழைத்தார். ஓய்வெடுத்தாரா? இல்லை. பத்து வாரம் கழித்து ஜூலை 20.

12/
அன்று அவர் போட்டது ஆஸ்பிரினும் மெப்ரோபமேட்டும் கலந்த ஈக்வாஜெசிக் மாத்திரை. பிரேதப் பரிசோதனையில் மூளையின் எடை 1575 கிராம். சராசரி 1400 கிராம் அளவுதான். மண்டையோடு மூடிய பெட்டி. மூளை வீங்கினால் போக வழி கிடையாது. சுவாச மையம்தான் நசுங்கும்.

13/
மாத்திரை ஒவ்வாமையால் நேர்ந்த எதிர்பாரா மரணம்னு அன்றைய விசாரணை முடிந்தது. பிற்காலத்தில் வந்த கருதுகோள்கள் மூணு: வலிப்பு நோய், வெப்பத் தாக்கு, ரத்தத்தில் சோடியம் குறைந்தது (இது 2022இல் வந்த கட்டுரை). எதுவும் நிரூபணம் ஆகலை. விஷம், சாபம், மர்ம அடி எல்லாம் கதை. என் பார்வையில், ஜூலையை மட்டும் தனியா பார்த்தால் புரியாது. எச்சரிக்கை மணி மே மாதமே அடிச்சிடுச்சு.

14/
நமக்கான பாடம்:
● பெரியவருக்கு முதல் முறை வலிப்பு வந்தால், மறுநாள் நல்லா இருந்தாலும் முழுப் பரிசோதனையும் தொடர் சிகிச்சையும் அவசியம்.
● அதன் பிறகு கடும் தலைவலி வந்தால் மாத்திரை போட்டுத் தூங்காதீங்க. உடனே மருத்துவமனை.
● அடுத்தவர் மாத்திரையை வாங்கிப் போடாதீங்க.
● கட்டுமஸ்தான உடம்பு நோய்க்கு விலக்கு இல்லை.

15/
ஹாலிவுட் கடைசியில் கொடுத்த ஹீரோ வேடம் 'என்டர் தி டிராகன்'. 1973 ஆகஸ்டில் படம் வெளியானப்போ, அவர் உயிரோடு இல்லை. சியாட்டிலின் லேக் வியூ கல்லறையில் இருக்கிறார். 1993இல் படப்பிடிப்பில் குண்டு பாய்ந்து இறந்த மகன் பிராண்டனும் பக்கத்திலேயே.

16/
2005இல் போஸ்னியாவின் மோஸ்தார் நகரில் அவருக்குச் சிலை வெச்சாங்க. 90களின் போரில் இனரீதியா ரெண்டா உடைந்த ஊர் அது. யாருக்குச் சிலை வைத்தாலும் ஒரு தரப்புக்குக் கோபம் வரும். எல்லோருக்கும் பொதுவா பிடிச்ச ஆளா அவங்களுக்குக் கிடைத்தவர், சின்ன வயசில் டிவியில் பார்த்த புரூஸ் லீ.

வலிப்பு வந்து, சரியாயிடுச்சுன்னு மருத்துவரைப் பார்க்காமல் இருக்கிறவங்க உங்க வீட்டில் இருந்தால், இதை அவங்களுக்கு அனுப்புங்க.