குதிரைக்கு ஊறுகாய்ப்புல் ஆகுமா?

கொள்ளும் புல்லும்தான் குதிரைத் தீனி என்பது ஊரறிந்த செய்தி. ஆனால் குளிர் மிகுந்த ஐரோப்பிய, அமெரிக்கப் பண்ணைகளில் இன்னொரு தீனியும் உண்டு. அதுதான் சைலேஜ் எனப்படும் ஊறுகாய்ப்புல். பசுந்தீவனத்தைக் காற்றுப் புகாமல் அழுத்தி மூடி வைத்தால், அதிலுள்ள சர்க்கரையை நுண்ணுயிரிகள் லாக்டிக் அமிலமாக மாற்றுகின்றன. புளிப்பேறிய தீவனம் மாதக்கணக்கில் கெடாமல் இருக்கும். மாடுகள் விரும்பித் தின்னும் இதைக் குதிரைக்கும் கொடுக்கலாமா? இக்கேள்விக்குச் சரியான விடை கிடைக்க நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அதற்கு விலையாகத் தம் உயிரைக் கொடுத்தவை குதிரைகளே!

மாட்டுக்காக வந்த தீவனம்

பிரான்சின் சோலோன் பகுதியில் பண்ணை வைத்திருந்தவர் ஒகுஸ்த் கொஃபார். மக்காச்சோளப் பயிரைப் பசுமையாகவே சேமிக்கும் முறையைப் பற்றி அவர் எழுதிய நூல் 1877-இல் வெளிவந்தது. இரண்டே ஆண்டுகளில் அது அமெரிக்காவில் ஆங்கிலத்திலும் வந்தது. பனிக்காலத்திலும் மாடு பால் கறக்க வழி பிறந்ததால், பண்ணைதோறும் சைலோக்கள் எழுந்தன.

அக்காலத்தில் ஏர் இழுக்கவும் வண்டி இழுக்கவும் குதிரைகளே இருந்தன. அவற்றுக்கும் இத்தீவனம் போடப்பட்டது. பல குதிரைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. சில குதிரைகளோ விழுங்க முடியாமல், நாக்குத் துவண்டு, கால்கள் வலுவிழந்து, கீழே விழுந்து இறந்தன. கெட்டுப்போன வைக்கோலையும் தட்டையையும் தின்ற குதிரைகளுக்கும் இதே கதி நேர்ந்தது. காரணம் தெரியாத மருத்துவர்கள் இதற்குத் 'தீவன நஞ்சு' என்று பெயர் வைத்தனர்.

குற்றவாளி யார்?

1895-இல் பெல்ஜியத்தின் எல்செல் என்ற ஊரில், ஓர் இறுதிச் சடங்குக்கு வந்த இசைக் கலைஞர்கள் உப்பிட்ட பன்றி இறைச்சியை உண்டு நோயுற்றனர். மூவர் இறந்தனர். அந்த இறைச்சியை ஆராய்ந்த எமில் வான் எர்மென்கம், காற்றில்லாத இடத்தில் வளர்ந்து நஞ்சைச் சுரக்கும் ஒரு பாக்டீரியாவைக் கண்டறிந்தார். அந்த நஞ்சினால் வரும் நோயே பாட்டுலிசம். 1917-இல் அமெரிக்காவின் பக்லி, ஷிப்பன் ஆகியோர் குதிரைகளின் தீவன நஞ்சுக்கும் இத்தகைய காற்றில்லா நுண்ணுயிரிகளுக்கும் தொடர்பு உண்டு என்று எழுதினர்.

எல்லாப் பழியும் தீவனத்துடையது அன்று. 1912-இல் கன்சாஸ் முதலிய மாநிலங்களில் ஆயிரக்கணக்கான குதிரைகள் மடிந்தபோதும் கெட்ட தீவனத்தின் மேலேயே பலர் பழி போட்டனர். 1930-இல் கலிபோர்னியாவில் கார்ல் மேயர் குழுவினர் குதிரைகளின் மூளைக்காய்ச்சல் வைரஸைப் பிரித்தெடுத்தனர். 1912-இன் சாவுகளுக்கும் அத்தகைய வைரஸே காரணமாக இருக்கலாம் என்று பின்னர் கருதப்பட்டது.

அமிலமே காவல்

பின்லாந்தின் விர்தானன், தீவனத்தில் அமிலத்தைச் சேர்த்து அதன் பி.எச். அளவை 4-க்கு அருகில் கொண்டுவந்தால் கெடாது என்று காட்டினார். 1945-இல் அவருக்கு வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. பாட்டுலிசக் கிருமியும் பி.எச். 4.6-க்குக் கீழே வளராது. ஆகவே ஆபத்து புளிப்பில் இல்லை. புளிக்காமல் போவதில்தான் உள்ளது!

இந்தப் பாடம் மீண்டும் தேவைப்பட்டது. நறுக்காத புல்லைப் பெரிய பொதியாகக் கட்டிப் பிளாஸ்டிக்கில் மூடும் முறை பரவியது. இப்பொதிகளில் புளிப்பு போதுமான அளவு ஏறாமல் போவதுண்டு. 1984-இல் பிரிட்டனில், பெரும்பொதி சைலேஜ் தின்ற 13 குதிரைகளுக்குப் பாட்டுலிசம் வந்த செய்தி மருத்துவ இதழில் வெளியானது.

மாடு வேறு, குதிரை வேறு

மாட்டின் முன்வயிறு ஒரு பெரிய நொதித்தல் தொட்டி. குதிரைக்கோ நொதித்தல் பெருங்குடல் பகுதியில்தான் நடக்கிறது. தின்றது கெடுதல் என்றால் அதனால் வாந்தி எடுக்கவும் முடியாது. பாட்டுலிச நஞ்சு மாட்டைவிடக் குதிரையை மிக எளிதில் வீழ்த்திவிடும்.

இன்று குதிரைகளுக்குப் பெரிதும் கொடுக்கப்படுவது ஹேலேஜ். புல்லைப் பாதிக்கு மேல் உலர்த்தி மூடி வைப்பதே இது. இதில் அமிலம் குறைவு. ஆனால் கிருமி வளரப் போதிய ஈரமும் இல்லை. தூசி குறைவாதலால் மூச்சு நோயுள்ள குதிரைகளுக்கு வைக்கோலைவிட ஏற்றது. எனினும் உறை கிழிந்ததையும், பூசணம் பிடித்ததையும், மண்ணோ செத்த எலியோ கலந்ததையும் தள்ளிவிட வேண்டும். பிரித்த பொதியைச் சில நாட்களுக்குள் தீர்த்துவிட வேண்டும்.

குதிரைக்கு ஊறுகாய்ப்புல் ஆகுமா என்றால், நன்றாகப் பதப்பட்டது பெரும்பாலும் ஆகும். அரைகுறையாகப் பதப்பட்டது உயிரையே வாங்கும். மாட்டுக்கு ஒத்துக்கொண்டது என்பதற்காகக் குதிரைத் தொட்டியில் கொட்டுவது கூடாது என்பதே இந்த வரலாறு சொல்லும் பாடம்.