அஸ்கா என்ற சொல்லும் நெல்லிக்குப்பத்தின் ‘முதல்’ ஆலையும்

வடக்கே தென்பெண்ணையும் தெற்கே கெடிலமும் ஓட, இரண்டுக்கும் நடுவே கடலூர்–பண்ருட்டிச் சாலையில் அமைந்திருக்கிறது நெல்லிக்குப்பம். அதைப் பற்றி எழுதுவோர் அனைவரும் 1842-இல் தொடங்குகிறார்கள். பாரி நிறுவனம் அவ்வாண்டில் அங்கே நிறுவியதே இந்தியாவின் முதல் சர்க்கரை ஆலை என்பது நிறுவன வரலாற்றில் மட்டுமின்றி ஆய்வுகளிலும் கேள்வியின்றி வழங்கி வருகிறது. இதிலிருந்து இன்னொரு முடிவும் பெறப்படுகிறது. ஆலை வந்தது, அதனால் கரும்பு வந்தது, கரும்பால் ஊர் வளர்ந்தது என்பதே அந்த வரிசை. 1842 என்ற ஆண்டை மறுக்க இக்கட்டுரை முற்படவில்லை. அந்த ஆண்டில் தொடங்கியது எது என்பதே இங்கு கேள்வி. ‘சர்க்கரை ஆலை’ என்ற தொடரை இன்றைய பொருளில் 1842-க்குப் பொருத்துவது பிழை என்றும், பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் நெல்லிக்குப்பத்தில் நடந்தது முதன்மையாக வெல்லத்தைச் சுத்திகரிப்பதும் சாராயம் வடிப்பதுமே என்றும் கருதுகிறேன். இதற்கு நான் முன்வைக்கும் முதன்மைச் சான்று ஆவணக் காப்பகத்தில் இல்லை. அது மளிகைக் கடைப் பட்டியலில் இருக்கிறது.

முதலில் பொருளின் இயல்பைப் பார்க்கவேண்டும். வெட்டிய கரும்பு காத்திருக்காது. ஓரிரு நாள் கடந்தாலே சாற்றில் இனிப்புக் குறையத் தொடங்கும். ஆகவே கரும்பை நேரடியாகப் பிழியும் பெரிய ஆலைக்குச் சுற்றிலும் செறிந்த கரும்பு வயலும், குறித்த நாளில் வெட்டித் தரும் உழவரும், விரைந்து கொண்டுவரும் வண்டிப் பாதையும் வேண்டும். வெல்லம் அப்படியல்ல. உழவர் தம் வயலோரத்திலேயே சாறு பிழிந்து, கொப்பரையில் காய்ச்சி உருட்டியெடுத்தால் மாதக்கணக்கில் நிற்கும், மாட்டுவண்டியில் தொலைவும் போகும். ரயத்துவாரி நிலவுடைமையில் சிறு உழவர்களே நிறைந்திருந்த தென்னார்க்காட்டில், தோட்ட நிலமோ கட்டுப்பட்ட கூலிகளோ இல்லாத ஒரு வணிக நிறுவனத்துக்கு வெல்லத்தை வாங்கிச் சுத்திகரிப்பதே இயல்பான வழி. நெல்லிக்குப்பத்தில் கரும்பு வெல்லத்தோடு பனைவெல்லமும் மூலப்பொருளாகப் பயன்பட்டது என்பது இங்கே முக்கியம். பனைவெல்லத்தை வாங்கிய ஆலையைக் கரும்பாலை என்று மட்டும் சொல்வது எப்படிப் பொருந்தும்? தொடங்கிய காலத்தையும் நோக்கவேண்டும். பிரிட்டனில் மேற்கிந்தியத் தீவுச் சர்க்கரைக்கு இருந்த வரிச்சலுகை 1836-இல் வங்காளச் சர்க்கரைக்கும், பின்னர் சென்னை மாகாணச் சர்க்கரைக்கும் கிடைத்தது. லண்டன் சந்தை திறந்ததும் முதலீடு வந்தது. 1846-ஆம் ஆண்டுச் சர்க்கரை வரிச் சட்டம் குடியேற்ற நாட்டுச் சர்க்கரைக்கு இருந்த முன்னுரிமையைப் படிப்படியாக அகற்றத் தொடங்கியதும் அந்த ஏற்றுமதி வாய்ப்பு சுருங்கியது. இந்த ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் நடுவில், கடல்வழி ஏற்றுமதியை எதிர்பார்த்துப் பிறந்ததுதான் நெல்லிக்குப்பம் தொழிற்சாலை. பக்கத்து ஊர்ச் சமையலறையை அது கருதவேயில்லை என்று சொல்ல முடியாது; ஆனால் அந்தச் சமையலறைக்காக அது பிறக்கவில்லை.

இனி அந்தச் சொல்லுக்கு வருகிறேன். சென்னையிலும் வடமாவட்டங்களிலும் வெள்ளைச் சர்க்கரைக்கு ‘அஸ்கா’ என்றொரு பெயர் உண்டு. மூத்தோர் பேச்சில் அது இன்னும் முற்றாக மறையவில்லை. வெல்லத்திலிருந்தும் நாட்டுச்சர்க்கரையிலிருந்தும் பிரித்துக்காட்ட ‘அஸ்கா சர்க்கரை’ என்றார்கள். பிறகு ‘அஸ்கா’ மட்டுமே போதுமானதாயிற்று. அஸ்கா ஓர் ஊர். இன்றைய ஒடிசாவின் கஞ்சம் மாவட்டத்தில், ருஷிகுல்யா ஆற்றங்கரையில் உள்ளது. 1936-இல் ஒடிசா தனி மாகாணமாகும்வரை கஞ்சம் சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்தது. அங்கே மின்ச்சின் என்பவர் நடத்திய ஆலை, கரும்பைச் சீவி வெந்நீரில் ஊறவைத்துச் சாற்றைப் பிரிக்கும் ஊறல் முறையைக் கையாண்டதால் தொழில்நுட்ப வரலாற்றில் அறியப்பட்டது. ஆக ஒரே மாகாணத்தில் இரண்டு ஆற்றங்கரை ஊர்கள், இரண்டு ஐரோப்பியத் தொழிற்சாலைகள். ஒன்று தமிழ் உழவரின் வயலுக்கு நடுவே இருந்தது. மற்றது பல நூறு மைல் வடக்கே ஒடியாவும் தெலுங்கும் பேசும் நாட்டில் இருந்தது. தமிழர் வெள்ளைச் சர்க்கரைக்குப் பெயரிட்டபோது தொலைவிலுள்ள ஊரின் பெயரை எடுத்தார்கள். அருகிலிருந்த ஊரின் பெயரில் எந்தச் சர்க்கரையும் தமிழில் பொதுப்பெயராகவில்லை. இதை வெறும் தற்செயல் என்று தள்ளுவது எளிது. ஆனால் சர்க்கரைப் பெயர்களின் பொதுப்போக்கு அதற்கு இடம் தரவில்லை. தென்மாவட்டங்களிலும் ஈழத்திலும் வழங்கும் ‘சீனி’ சீன நாட்டைக் குறிக்கிறது. இந்தியில் கற்கண்டைக் குறிக்கும் ‘மிஸ்ரி’ எகிப்தைக் குறிக்கிறது. புதுவகைச் சர்க்கரை ஒன்று கடைத்தெருவுக்கு வரும்போது, அது எங்கிருந்து வந்ததாக வாங்குவோர் அறிந்தார்களோ அந்த இடமே பொருளின் பெயராகிறது. தொழிற்சாலை எந்த ஆண்டில் கட்டப்பட்டது என்பதைப் பெயர் கணக்கில் கொள்வதில்லை. பண்டம் எந்த வழியாகக் கடைக்கு வந்தது என்பதையே கொள்கிறது. ஆகவே ‘அஸ்கா’ என்ற சொல் நமக்குச் சொல்வது இதுதான்: தமிழ் வாடிக்கையாளர் ஆலைச் சர்க்கரையைத் தனிப்பொருளாக அறியத் தொடங்கிய காலத்தில், அவர் மனத்தில் அதன் பிறப்பிடமாக நெல்லிக்குப்பம் இடம்பெறவில்லை.

இந்த வாசிப்புக்கு எதிராகச் சிலவற்றைச் சொல்லலாம். அஸ்காவின் தொழிற்சாலை நெல்லிக்குப்பத்துக்குப் பின்னர் வந்தது, ஆகவே முந்தியதன் பெயரே நிலைத்திருக்கவேண்டும் என்பது முதல் மறுப்பு. முந்தியது பெயர்பெறும் என்ற விதி மொழியில் கிடையாது. பிந்தி வந்த ஊரின் பெயர் நிலைத்ததே, முந்தியதன் சரக்கு உள்ளூர்க் கடைகளில் தனிப்பெயர் பெறுமளவுக்குப் புழங்கவில்லை என்ற என் கருத்துக்குத் துணை. பாரியின் சரக்கு ஊர்ப்பெயரால் அன்றி நிறுவனப் பெயரால் அறியப்பட்டிருக்கலாமே என்பது இரண்டாவது. இதற்கு ஓரளவு வலுவுண்டு. சென்னையில் பாரிமுனை என்று ஓர் இடப்பெயர் நிலைத்ததே பாரி என்ற பெயரின் ஆற்றலைக் காட்டும். என்றாலும், ‘பாரி’ என்று யாரும் சர்க்கரையைச் சுட்டவில்லை; வெள்ளைச் சர்க்கரை எதுவானாலும் அது அஸ்காவாகவே இருந்தது. சொல் வேற்றுமொழியொன்றிலிருந்து வந்திருக்கலாம் என்ற ஐயத்தை நீட்டிப் பேசவேண்டியதில்லை. பொருளும் வடிவமும் ஊரோடு இத்தனை தெளிவாகப் பொருந்தும்போது வேறு மூலம் தேடுவது வீண். நான்காவதாக ஒன்று உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சுத்திகரிப்புக்கு எலும்புக்கரி பயன்படுவது பரவலாக அறியப்பட்டதால், ஆசாரமான வீடுகள் ஆலைச் சர்க்கரையையே தவிர்த்தன, ஆகவே பெயரின்மை எதையும் நிறுவாது என்பது அது. தவிர்த்த வீடுகள் இருந்தன. கோயில் மடைப்பள்ளியில் சர்க்கரைப் பொங்கல் இன்றும் வெல்லத்தில்தான் ஆகிறது. ஆனால் தவிர்ப்பு இரண்டு ஊர்களுக்கும் பொது. அது அஸ்காவுக்குப் பெயர் தந்து நெல்லிக்குப்பத்துக்கு மறுக்கக் காரணமில்லை.

சொல்லின் சான்று தனித்து நின்றால் நானே தயங்குவேன். அதற்குத் துணையாக இன்னொரு பெயர் இருக்கிறது. 1897-இல் பாரியின் இத்தொழில்களை ஏற்று லண்டனில் பதிவான நிறுவனம் ‘ஈஸ்ட் இந்தியா டிஸ்டில்லரீஸ் அண்ட் சுகர் ஃபாக்டரீஸ்’ என்று தன்னை அழைத்துக்கொண்டது. இன்று ‘இ.ஐ.டி. பாரி’ என்று சுருக்கிச் சொல்கிறோம். அந்த ‘டி’ குறிப்பது வடிசாலை. சர்க்கரை இரண்டாமிடத்தில் வருகிறது. சுருக்கத்தில் காணாமலே போகிறது. முதலீட்டாளர் பார்வைக்கு வைக்கும் பெயரில் வருமானத்தின் வரிசை தெரியும் என்று எடுத்துக்கொண்டால் அது மிகையாகாது. வெல்லத்தைச் சுத்திகரித்தபின் எஞ்சும் கழிவுப்பாகிலிருந்து சாராயம் வடிக்கலாம். சென்னை மாகாண அரசு சாராய வருவாயை மையப்படுத்தி, 1886-ஆம் ஆண்டு ஆப்காரிச் சட்டத்தின் வழி உரிமம் பெற்ற பெரிய வடிசாலைகளை ஊக்குவித்தபோது, லண்டன் சந்தை தராத நிலைத்த வருமானம் உள்ளூர்ச் சாராயக் கடையிலிருந்து வந்தது. ஒரு மூலப்பொருளின் இரண்டு விளைவுகளில் எது முதன்மை என்பதைச் சந்தையே தீர்மானிக்கும். சர்க்கரையின் துணைப்பொருள் சாராயம் என்பது இன்றைய நம் பார்வை. அன்றைய கணக்கேட்டில் அது தலைகீழாக இருந்திருக்கக்கூடும்.

‘முதல் ஆலை’ என்ற தொடரில் ‘ஆலை’ என்ற சொல்லும் கவனத்துக்குரியது. பஞ்சாலை, அரிசி ஆலை, உருக்காலை என்று எல்லாத் தொழிற்சாலைக்கும் இன்று பொதுவாகிவிட்ட இச்சொல் தொடக்கத்தில் கரும்பு பிழியும் இடத்தையே குறித்தது. பெரும்பாணாற்றுப்படை காட்டும் தொண்டை நாட்டில் கரும்புச்சாறு காய்ச்சும் புகை சூழ்ந்த ஆலைகள் உண்டு. கரும்பை நெரிக்கும் பொறியைச் சங்கப் பாடல்கள் ‘எந்திரம்’ என்றே சொல்கின்றன. தமிழ் தன் தொழிற்சாலைக்கான சொல்லையே கரும்பிலிருந்து எடுத்த மொழி. அந்த மொழியில் 1842-இல் ‘முதல் கரும்பாலை’ வந்தது என்று எழுதுவது, பெண்ணைக் கரையில் தலைமுறைகளாகச் சாறு காய்ச்சிய உழவரை வரலாற்றிலிருந்து எடுத்துவிடுகிறது. நிறுவனம் தென்னார்க்காட்டுக்குக் கரும்பைக் கொண்டுவரவில்லை. ஏற்கெனவே இருந்த பல நூறு சிற்றாலைகளின் விளைச்சலைத் திரட்டும் முனையாகவே அது தன்னை நிறுத்திக்கொண்டது. முதன்மை உற்பத்தி உழவர் வயலோரத்தில்தான் நடந்தது. ஆலைக்கு வந்தது அதன் இரண்டாம் கட்டம்.

புதுச்சேரியிலிருந்து பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். நெல்லிக்குப்பம் வெல்லம் வாங்கிய அதே பத்தாண்டுகளில், பிரெஞ்சுச் சர்க்கரை முதலாளிகள் தமிழகத்திலிருந்து வாங்கியது மனித உழைப்பை. புதுச்சேரி, காரைக்கால் துறைகளிலிருந்து தமிழர்கள் ரீயூனியனுக்கும், பின்னர் மார்ட்டினிக், குவாதலூப் தீவுகளுக்கும் கரும்புத் தோட்டக் கூலிகளாகக் கப்பலேறினர். பிரிட்டிஷ் இந்தியக் குடிகளையும் அப்படிக் கொண்டுசெல்ல 1861-ஆம் ஆண்டு ஆங்கில–பிரெஞ்சு ஒப்பந்தம் வழிவகுத்தது. தோட்டமும் ஆலையும் ஒரே கையில் இருந்த தீவுகளில் கரும்பு நேரே ஆலைக்குச் சென்றது. நிலம் உழவரிடமே இருந்த பெண்ணைக் கரையில் கரும்பு வெல்லமான பிறகே ஆலைக்குச் சென்றது. தொழில்நுட்பம் பின்தங்கியதாலல்ல, நிலவுடைமை வேறுபட்டதாலேயே நெல்லிக்குப்பம் வேறுவகை ஆலையாக இருந்தது. பெயரைச் சான்றாகக் கொள்வது துணிச்சல் என்று நினைப்போர் புதுச்சேரி உப்பளத்தைப் பார்க்கலாம். பிரெஞ்சுப் பகுதிகளில் உப்பு விளைவிப்பதைக் கைவிட, ஆண்டுக்கு 4,000 நட்சத்திர வராகன் ஈடு என்று 1818-இல் ஒப்பந்தமாயிற்று. இன்று உப்பளத்தில் உப்பு விளைவதில்லை. பெயர் மட்டும் அங்கே ஒருகாலத்தில் நடந்த தொழிலைச் சொல்லிக்கொண்டிருக்கிறது. அஸ்காவிலும் அதே உறுதிதான். உப்பளத்தில் தொழில் இடத்துக்குப் பெயர் தந்தது, அஸ்காவில் இடம் பொருளுக்குப் பெயர் தந்தது என்பதே வேறுபாடு.

அப்படியானால் நெல்லிக்குப்பம் எப்போது கரும்பூர் ஆயிற்று? அதற்குத் தேவையான சூழல் மெல்ல மெல்லக் கூடிவந்தது. விழுப்புரம்–கடலூர் இருப்புப்பாதை, பாலூரில் 1905-இல் அமைந்த வேளாண் பண்ணை, 1912-இல் கோயம்புத்தூரில் தொடங்கிய கரும்பு இனப்பெருக்க நிலையம், அங்கே பார்பரும் வேங்கடராமனும் உருவாக்கிய ‘கோ’ வகைகள், கடைசியாக ஜாவாச் சர்க்கரைக்கு எதிராகக் காப்புவரி விதித்த 1932-ஆம் ஆண்டுச் சட்டம். இவையெல்லாம் சேர்ந்த பிறகே வயலிலிருந்து நேரே ஆலைக்குக் கரும்பு செல்லும் முறை முழுமையாக வேரூன்ற முடிந்தது. ஊரின் பெயரோடு சர்க்கரையும் பிரியாமல் சேர்ந்தது. இது ஊரின் பெருமையைக் குறைப்பதாகும் என்பார்க்குப் பதில் தேவையில்லை. தொடர்ச்சியாக ஒரே இடத்தில் இத்தனை காலம் இயங்கிய தொழில் இந்தியாவில் அரிது. அந்தச் சிறப்புக்கு ‘முதல்’ என்ற அடைமொழி தேவைப்படவில்லை.

‘அஸ்கா’ இன்னும் சிலர் வாயில் இருக்கிறது. தென்பெண்ணையின் இரு கரையிலும், பாகூர் தொடங்கிப் பண்ருட்டி வரை, எந்த ஊரில் அஸ்கா, எந்த ஊரில் சீனி, எந்த ஊரில் வெறும் சர்க்கரை என்று வட்டாரவாரியாகப் பதிவுசெய்யவேண்டும்; பழைய மளிகைக் கணக்கேடுகளையும் விலைப்பட்டியல்களையும் அவற்றோடு ஒப்பிடவேண்டும். புதுவையிலும் கடலூரிலும் உள்ள மொழியியல் மாணவர்கள், அச்சொல்லைச் சொல்வோர் இருக்கும்போதே இந்த வேலையைத் தொடங்கவேண்டும்.