ஏடு மாறினும் பொருள் மாறுமோ?

ஜொகூர் மாநிலத்துத் தமிழ்ப்பள்ளிகளில் பல சமயத்துப் பிள்ளைகள் ஒரே வகுப்பில் அமர்ந்து ஒரே தமிழைப் பயில்கின்றனர். ஒருவர் வீட்டுத் திருநூலைப் பற்றி மற்றவர் வினா எழுப்புதல் அங்கு இயல்பே. கிறித்தவரின் திருநூலாகிய விவிலியம் பற்றி எழும் வினாக்கள் பெரும்பாலும் மூன்று. அதனை எழுதியவர் யார், தொகுத்தவர் யார்? கைமாறிக் கைமாறி வந்த நூலை எங்ஙனம் நம்புவது? தமிழில் மட்டுமே இத்தனை மொழிபெயர்ப்புகள் எதற்கு? ஒரு பதிப்பில் 'தேவன்' என்றும் மற்றொரு பதிப்பில் 'கடவுள்' என்றும் இருப்பதைக் காணும் மாணவன், நூலையே மாற்றிவிட்டனரோ என ஐயுறுகின்றான்.

இவ்வையம் சமய வாதமாகத் தோன்றினும், தமிழாசிரியர் நன்கறிந்த பாடவேறுபாட்டுச் சிக்கலே இதன் உள்ளீடு. ஏட்டுச்சுவடி, படி எடுத்தல், பதிப்பு, உரை ஆகியவற்றின் வரலாற்றை அறிந்தவருக்கு இவ்வினாக்கள் புதியன அல்ல.

தொகுப்பின் வரலாறு

விவிலியம் ஒருவர் ஒரு காலத்தில் எழுதிய நூலன்று. பல நூற்றாண்டுகளில் பலர் இயற்றிய நூல்களின் தொகுதி. பழைய ஏற்பாடு எபிரேய மொழியிலும், அதன் சிறு பகுதிகள் அரமேய மொழியிலும் அமைந்தன. புதிய ஏற்பாடு கிரேக்கத்தில் எழுதப்பட்டது. அதில் காலத்தால் முற்பட்டவையாகக் கருதப்படும் பவுலின் கடிதங்கள் கி.பி. 50ஆம் ஆண்டை ஒட்டித் தோன்றத் தொடங்கின.

கி.பி. 325இல் கூடிய நிசேயாப் பேரவை இந்நூல்களைத் தேர்ந்தெடுத்தது என்று பலரும் கூறுவர். அக்கூற்றுக்குச் சான்றில்லை. அப்பேரவை ஆராய்ந்தது வேறு பொருள். புதிய ஏற்பாட்டின் 27 நூல்களையும் இன்றுள்ளவாறே பட்டியலிட்டு நமக்குக் கிடைக்கும் முதற்சான்று, அலெக்சாந்திரியாவின் ஆயர் அத்தனாசியு 367இல் எழுதிய மடலாகும். அதற்கு முன்பே பெரும்பாலான நூல்கள் சபைகளில் வழங்கி வந்தன. சிலவற்றைப் பற்றி மட்டும் கருத்து வேறுபாடு நீடித்தது. இன்றும் சீர்திருத்தச் சபையார் 66 நூல்களையும் கத்தோலிக்கர் 73 நூல்களையும் ஏற்கின்றனர்.

இது தமிழருக்கு விளங்காத செய்தியன்று. எட்டுத்தொகைப் பாடல்கள் பாடப்பட்ட காலம் வேறு. அவை தொகுக்கப்பட்ட காலம் வேறு. தொகுத்தவர் பிற்பட்டவர் என்பதனால் பாடலும் பிற்பட்டது ஆகிவிடாது.

சுவடிகளின் சான்று

பண்டைய எபிரேய ஏடுகளில் மெய்யெழுத்துகளே பெரிதும் எழுதப்பட்டன. உயிரொலியைப் படிப்போரே இட்டு உணர்ந்தனர். நம் பனையோலை ஏடுகளிலும் ஓலை கிழியுமென அஞ்சிப் புள்ளி இடாது விட்டனர். எகர ஒகரங்களில் குறில் எது, நெடில் எது என்பதும் எழுத்தால் விளங்காது. ஆயினும் இடம் நோக்கிப் படிக்கும் மரபு பிறழாது நின்றது. எபிரேய மரபைக் காத்த மசோரெத்தியர் என்னும் அறிஞர் ஏறத்தாழ 7ஆம் நூற்றாண்டு முதல் 10ஆம் நூற்றாண்டு வரை உயிர்க்குறிகளை அமைத்து நூலைச் செப்பமுறப் படியெடுத்தனர். முழுமையாகக் கிடைக்கும் மிகப் பழைய எபிரேயச் சுவடி 1008ஆம் ஆண்டினது.

மூல ஆசிரியர் காலத்திற்கும் 1008க்கும் இடையே நூல் எத்துணை மாறிற்றோ என்ற ஐயத்திற்கு நெடுங்காலம் விடையில்லை. 1947இல் சாக்கடலை ஒட்டிய கும்ரான் குகைகளில் தோற்சுருள்கள் வெளிப்படத் தொடங்கின. அவற்றுள் ஒன்றான எசாயா நூலின் பெருஞ்சுருள் கி.மு. இரண்டாம் நூற்றாண்டைச் சார்ந்தது. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட இடைவெளி இருந்தும், இரண்டும் பெரும்பாலும் ஒத்திருந்தன. எழுத்து வேறுபாடுகளும் சொல் வேறுபாடுகளும் பல உண்டு. நூலின் உடல் ஒன்றே. ஆனால் உண்மையின் மறுபக்கத்தையும் மறைத்தல் ஆகாது. எரேமியா நூல் அக்குகைகளில் நீண்டதும் சுருங்கியதுமாக இருவேறு வடிவில் கிடைத்தது.

புதிய ஏற்பாட்டிற்குக் கிரேக்கச் சுவடிகள் மட்டும் 5,000க்கு மேல் உள்ளன. சுவடி மிகுந்தால் வேறுபாடும் மிகும். அவ்வேறுபாட்டைக் கண்டு பிழை களையும் வாய்ப்பும் உடன்மிகும். மாற்கு நற்செய்தியின் இறுதிப் பன்னிரண்டு வசனங்கள் நான்காம் நூற்றாண்டைச் சார்ந்த இரு பெருஞ்சுவடிகளில் இல்லை. விபசாரத்தில் பிடிபட்ட பெண்ணை இயேசு மன்னித்த வரலாறு யோவான் நற்செய்தியின் பழஞ்சுவடிகளில் காணப்படவில்லை. இன்றைய பதிப்புகள் பலவும் இப்பகுதிகளை அடைப்புக்குறியுள் இட்டோ அடிக்குறிப்புத் தந்தோ இதனை வெளிப்படையாகவே அறிவிக்கின்றன.

உ.வே. சாமிநாத ஐயர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபொழுது மேற்கொண்ட நெறியும் இதுவே அன்றோ? பல ஏடுகளைத் தொகுத்து ஒப்புநோக்கினார். பாடவேறுபாடு கண்டதனால் சிந்தாமணியைப் பொய்ந்நூல் என்பார் எவருமிலர். ஒப்புநோக்கியதனாலேயே அது நம்பத்தக்க பதிப்பாயிற்று.

மொழிபெயர்ப்பின் அருமை

மூலம் நிலைபெற்றிருப்பினும் மொழிபெயர்ப்பு நிலைபெறாது. மொழி வளர்வது, வழக்கு மாறுவது. இதற்கு ஜொகூரின் பழைய வரலாற்றோடு தொடர்புடைய சான்று ஒன்றுண்டு. ஜொகூர் அரசு 1606இல் டச்சுக்காரரோடு உடன்படிக்கை செய்தது. 1641இல் அவர்கள் போர்த்துக்கீசியரிடமிருந்து மலாக்காவைக் கைப்பற்றத் துணைநின்றது. அவ்வாணிகத் தொடர்பு நிலவிய காலத்தில் ரூயில் என்னும் டச்சு வணிகர் மத்தேயு நற்செய்தியை மலாய் மொழியில் பெயர்த்தார். 1629இல் அது ஆலந்து நாட்டில் அச்சாயிற்று. ஐரோப்பாவில் அறிந்த அத்திமரத்தை இத்தீவுகளின் மக்கள் அறியார் எனக் கருதிய அவர், வாழையைக் குறிக்கும் 'பிசாங்' என்னும் சொல்லை இட்டார். சொல்லைக் காத்தால் பொருள் விளங்காது. பொருளை விளக்கினால் மரமே மாறிவிடும். மொழிபெயர்ப்பாளன் நாளும் எதிர்கொள்ளும் இடர்ப்பாடு இதுவே.

தமிழில் நிகழ்ந்தது

1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு, சிறுவரோடு சிறுவராய் மணலில் விரலால் எழுதித் தமிழ் கற்றார். தமிழ்ச் சுவடிகளைத் திரட்டிப் பட்டியலிட்டார். 1708இல் புதிய ஏற்பாட்டை மொழிபெயர்க்கத் தொடங்கி 1711இல் முடித்தார். செருமனியின் ஆல்லே நகரில் வார்க்கப்பட்டு வந்த தமிழ் எழுத்துகள் அளவிற் பெரியவை, காகிதமோ அருமை. எனவே தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்துகள் வார்க்கப்பட்டன. 1714இல் தொடங்கிய அச்சீடு 1715இல் நிறைவுற்றது. இந்திய மொழிகளில் அச்சேறிய முதற் புதிய ஏற்பாடு இதுவே. பழைய ஏற்பாட்டை ரூத்து நூல்வரை பெயர்த்த நிலையில் 1719இல் அவர் மறைந்தார். சூல்சு எஞ்சிய பகுதியை முடிக்க, 1728இல் நூல் முழுமை பெற்றது.

பின்னர் சென்னையில் பணியாற்றிய பப்பிரீசியு அதனைத் திருத்திச் செப்பம் செய்தார். அவருடைய புதிய ஏற்பாடு 1772இல் வெளிவந்தது. 1820களில் இரேனியு எளிய நடையில் புதிய மொழிபெயர்ப்பை முயன்றபொழுது, தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் அதனைக் கடுமையாக எதிர்த்தார். மனத்தில் ஊன்றிய சொற்களை மாற்றினால் அடியார் உள்ளம் நோகும் என்னும் அவர் கவலையை எளிதில் தள்ளிவிட முடியாது. திருத்தம் வேண்டுவோர்க்கு நியாயம் உண்டு. பழகிய சொல்லைக் காப்போர்க்கும் நியாயம் உண்டு.

யாழ்ப்பாணத்தில் பேர்சிவல் பாதிரியார் மேற்கொண்ட மொழிபெயர்ப்பு தனிச்சிறப்புடையது. அதற்குத் துணைநின்ற தமிழறிஞர், சைவம் காத்த ஆறுமுக நாவலர். அம்மொழிபெயர்ப்பு 1850இல் வெளிவந்தது. நாவலர் கிறித்தவர் ஆனாரல்லர். பாதிரிமாரை எதிர்த்துப் பின்னாளில் நூல்களும் எழுதினார். 1852இல் பெரியபுராணத்தை உரைநடையில் அளித்தவரும் அவரே.

அம்மொழிபெயர்ப்பு எல்லாச் சபைகளாலும் ஏற்கப்படவில்லை. பின்னர்ப் பல சபைகள் கூடி அமைத்த குழுவில் போவர் ஐயர் முதன்மையாக உழைக்க, 1871இல் ஐக்கியத் திருப்புதல் முழுமையுற்றது. சீர்திருத்தச் சபைத் தமிழர் பலர் கையில் இன்றும் தவழ்வது அதன் வழிவந்த பதிப்பே. 1995இல் கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையாரும் இணைந்து உருவாக்கிய திருவிவிலியம் வெளிவந்தது.

இனி மாணவனின் ஐயத்திற்கு விடை எளிது. சீகன்பால்கு 'சருவேசுரன்' என்றார். பப்பிரீசியு 'பராபரன்' என்றார். ஐக்கியத் திருப்புதல் 'தேவன்' என்றது. திருவிவிலியம் 'கடவுள்' என்கிறது. எபிரேய மூலத்திலும் கிரேக்க மூலத்திலும் உள்ள சொல் மாறவில்லை. அதற்கு நிகராகத் தமிழர் கொண்ட சொல்லே மாறிற்று. சருவேசுரனிலிருந்து கடவுள் வரை சென்ற இப்பயணம், வடசொல் மிகுந்த நடையிலிருந்து நம் உரைநடை நடந்துவந்த பாதையையும் காட்டுகின்றது.

ஆசிரியர் கொள்ளத்தக்கது

இவ்விடத்து ஒரு வரம்பை உணர்தல் வேண்டும். ஒரு நூல் பிழையின்றிக் கைமாறி வந்துள்ளதா என்பது வரலாறும் சுவடியியலும் விடைகூறும் வினா. அந்நூல் உரைப்பதை நம்புவதா என்பது அவரவர் உள்ளத்தின் வினா. முன்னதற்கு வகுப்பறையில் இடமுண்டு. பின்னதை வீட்டிற்கும் வழிபாட்டிடத்திற்கும் விட்டுவிடுதல் ஆசிரியர்க்கு அழகு.

எவர் கையும் படாததால் ஒரு நூல் நம்பத்தக்கது ஆவதில்லை. பட்ட கைகள் நேர்மையானவை என்பதும், செய்த திருத்தத்தை அவை மறைக்கவில்லை என்பதுமே நம்பிக்கைக்கு அடிப்படை. தாம் ஏற்காத சமயத்தின் நூலுக்கும் தம் தமிழை வஞ்சனையின்றி வழங்கிய நாவலரின் நேர்மை இதற்குச் சான்று. பல சமயத்துப் பிள்ளைகள் கூடிப் பயிலும் வகுப்பில், பிறர் நூலை அறிந்து பேசுக, அறியாது இகழற்க என்னும் பாடத்தை அவ்வரலாற்றைக் காட்டிலும் தெளிவாக உரைப்பது பிறிதொன்று இல்லை.