காயம் எந்தக் காயம்?

பெருங்காயம் என்ற பெயருக்கு ஒரு கதை உலவுகிறது. செடியின் வேரைக் கீறிப் பெரிய காயம் உண்டாக்கி, வடியும் பாலைச் சேர்ப்பதால் அது பெருங்காயமாம். ஈரானிலும் ஆப்கானிஸ்தானிலும் வேரைக் கீறுவது உண்மைதான். ஆனால் வெங்காயத்தை யார் கீறினார்கள்? கடுகு, ஓமம், வெந்தயம், உள்ளி, பெருங்காயம் ஐந்தையும் சேர்த்து ஐங்காயம் என்பது மருத்துவ வழக்கு. கடுகில் எங்கே புண்? பெயர் வைத்த தமிழன் அந்தச் செடியைப் பார்த்திருக்க வழியில்லை. இந்தியாவில் அதன் முதல் நாற்றை, இமாச்சலப் பிரதேசத்தின் லாகவுல் பள்ளத்தாக்கில், பாலம்பூர் ஆய்வு நிறுவனம் நட்டதே 2020 அக்டோபரில்தான்.

காயம் என்றால் உடம்பு, உடம்புக்குப் பெரிதும் நல்லது, ஆகவே பெருங்காயம் என்பார் இன்னொரு சாரார். உடம்பைக் குறிக்கும் காயம் வடசொல். காளமேகப் புலவர் பெயரால் வழங்கும் வெங்காயப் பாட்டில் காயம் உடம்பையும் குறிப்பதைச் சான்று காட்டுவதும் வீண். சிலேடைக்கு இரண்டு பொருள் போதும், ஒரே வேர் வேண்டியதில்லை.

காயம் என்றால் உறைப்பு, உறைப்புச் சரக்கு. பிள்ளை பெற்றவளுக்கு இடித்துக் கொடுக்கும் மருந்தும் காயம்தான். மலையாளி இன்றும் பெருங்காயத்தை வெறுமே ‘காயம்’ என்கிறான். தெலுங்கின் இங்குவவும் கன்னடத்தின் இங்குவும் வடமொழி ஹிங்குவின் வழி வந்தவை. ஐரோப்பியரோ மூக்கைப் பிடித்துக்கொண்டு பெயரிட்டார்கள்: அசஃபோடிடாவின் பின்பாதி லத்தீனில் ‘நாறுவது’, ஜெர்மானியருக்கு அது பிசாசின் மலம். தமிழ்ப் பெயர் நாக்கிலிருந்து வந்தது. காய் என்பதிலிருந்து காயம். காய்தல், சுடுதல்.

இனி டப்பா. சொத்து போயும் மிடுக்குப் போகாதவரைப் ‘பெருங்காய டப்பா’ என்பார்கள். சொன்னவருக்குச் சமையலறை தெரியும்: சரக்கு தீர்ந்தும் டப்பா மணக்கும். பெருங்காயத்தின் மணம் கந்தகம் கலந்த எண்ணெயால் வருவது, காற்றோடு போய்விடும். கட்டி அதை மெல்ல விடும், தூள் சீக்கிரம் விட்டுவிடும். கடைத்தூளில் பெரும்பகுதி கோதுமை மாவு அல்லது அரிசி மாவும் பிசினும்தான். அடுப்பங்கரையின் ஆவியோ ஈரக் கரண்டியோ பட்டால் கட்டி தட்டிவிடும். இறுக மூடி, வெயிலும் வெக்கையும் படாத அலமாரியில் வைக்கவேண்டிய சரக்கு.

புதுசா பழசா என்று பார்க்க மூடியைத் திறந்து மோந்தால் ஏமாற்றம்தான். தூள் செத்த பிறகும் டப்பா மணக்கும். ஒரு சிட்டிகையைக் காய்ந்த நல்லெண்ணெயில் போடவேண்டும். நல்ல தூள் நுரைத்துப் பொரியும், முதலில் வந்த நெடி அடங்கிப் பூண்டு போல மணக்கும், கூடத்தில் இருப்பவர் எட்டிப் பார்ப்பார். பழைய தூளில் மாவு கருகும் வாடை மட்டும் மிஞ்சும்.

தாளிக்கப் போகிறவள் ‘எண்ணெய் காய்ந்ததா?’ என்றுதான் கேட்கிறாள். அந்தக் காய்தான் காயத்திலும் இருக்கிறது. புண், உடம்பு என்னும் விளக்கங்கள் பழைய தூள்.