நெல்லுக்குப் புதிய வீடு

புதுச்சேரி என்றவுடன் நம் நினைவுக்கு வருவது கடற்கரைச் சாலை. நகருக்குத் தெற்கே சற்றுத் தொலைவு சென்றால் பாகூர் வயல்களைக் காணலாம். பெரியதோர் ஏரியின் பாசனத்தில் நெல் விளையும் அப்பகுதியைப் புதுச்சேரியின் நெற்களஞ்சியம் என்பர். விளைந்த நெல்லை அடுத்த விதைப்பு வரை கெடாமல் காப்பது, அதை விளைவிப்பதைக் காட்டிலும் எளிதான வேலை அன்று. அதற்கு விஞ்ஞானம் நல்ல வழிகள் பலவற்றைக் கண்டிருக்கிறது. ஆயினும் அவ்வழிகள் சிறு விவசாயியின் வீட்டுக்குள் நுழைய நெடுங்காலம் பிடித்தது. ஏன் என்பதை ஆராய்வோம்.

நம் முன்னோர் நெல்லை மண்ணாலான குதிரிலும், மரப்பலகையாலான பத்தாயத்திலும், வைக்கோற்பிரி சுற்றிய சேரிலும் வைத்துக் காத்தனர். பூச்சி அண்டாதிருக்க வேப்பிலையும் நொச்சியிலையும் இட்டனர். இவற்றில் பயனும் உண்டு; குறையும் உண்டு. எலி மண்ணைத் துளைக்கும். தரையின் ஈரம் மேலேறும். பூச்சியோ நெல்லுடன் வயலிலிருந்தே வந்துவிடும்.

இத்தொல்லை நமக்கு மட்டும் உரியதன்று. நெல்லைத் தாக்கும் அந்துப்பூச்சியின் ஆங்கிலப் பெயரில் பிரான்ஸ் நாட்டின் அங்குமுவா என்னும் மாகாணத்தின் பெயர் இருக்கிறது. 1760-இல் அங்குக் கோதுமையை அப்பூச்சி அழிக்கவே, பாரிஸ் விஞ்ஞானக் கழகம் துஹமெல், தில்லே என்னும் இருவரை அனுப்பியது. அவர்கள் 1762-இல் வெளியிட்ட நூலில், தானியத்தை அடுப்பில் சூடேற்றிப் பூச்சியைக் கொல்லும் வழியைக் கூறினர். அதே 1760-இல் ஆங்கிலேயர் புதுச்சேரியை முற்றுகையிட்டிருந்தனர். உணவு தீர்ந்துபோன நிலையில் நகரம் 1761 ஜனவரியில் சரணடைந்தது. சேமித்த தானியத்தின் மதிப்பை இதைவிடத் தெளிவாக எது உணர்த்தும்?

இனி நம் காலத்திற்கு வருவோம். 1965, 1966 ஆகிய ஆண்டுகளில் பருவமழை பொய்த்தது. 1966-இல் மட்டும் சுமார் ஒரு கோடி டன் உணவு தானியத்தை இந்தியா வெளிநாடுகளிலிருந்து இறக்குமதி செய்ய நேர்ந்தது. அக்காலத்தில் பான்சே என்னும் புள்ளியியல் அறிஞரின் தலைமையில் அமைந்த குழு, அறுவடைக்குப் பின் ஏற்படும் இழப்பு 9.33 சதவீதம் என மதிப்பிட்டது. அதில் 6.58 சதவீதம் சேமிப்பில் நேர்வது. பூச்சிகளின் பங்கு 2.55, எலிகளின் பங்கு 2.50. புதிதாக ஒரு காணி உழாமலே இந்த இழப்பைக் குறைத்து உணவைப் பெருக்கலாம் அல்லவா?

இதற்கான முயற்சிகளும் நடந்தன. உத்தரப் பிரதேசத்தின் ஹாப்பூரில் 1958-லேயே தானியச் சேமிப்புக்கென ஓர் ஆராய்ச்சி, பயிற்சி மையம் தொடங்கப்பட்டிருந்தது. 1960களின் நடுவில் மத்திய அரசு தானியக் காப்பு இயக்கத்தை ஆரம்பித்து, தகரக் குதிர்களைப் பரப்ப முற்பட்டது. டில்லி வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்தார், பச்சைச் செங்கற் சுவர்கள் இரண்டுக்கு நடுவே பாலிதீன் தாளை வைத்துக் கட்டும் பூசா குதிரை உருவாக்கினர்.

இவற்றை ஏற்கத் தயங்கிய விவசாயியைப் பழமைவாதி என்று சிலர் எண்ணலாம். ஆனால் பௌதிகம் அவர் பக்கமும் பேசுகிறது. அறுவடையின்போது நெல்லில் சுமார் 20 சதவீதம் ஈரம் இருக்கும். சேமிக்க 12 அல்லது 13 சதவீதத்திற்கு இறங்கவேண்டும். 1960களில் தஞ்சையில் பரவிய ஆடுதுறை 27 என்னும் குறுகிய கால நெல்லின் அறுவடை, வடகிழக்குப் பருவமழையில் வந்து விழுந்தது. வெயில் இல்லாமல் நெல் எப்படிக் காயும்?

சரியாகக் காயாத நெல்லைத் தகரக் குதிரில் அடைத்தால் என்னவாகும் என்று பாருங்கள். 30 டிகிரி வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 30 கிராம் நீராவியைத் தாங்கும். 20 டிகிரியிலோ 17 கிராம் மட்டுமே. இரவில் தகரம் விரைவில் குளிர்கிறது. அதை ஒட்டிய காற்றிலுள்ள நீராவி துளிகளாகப் படிந்து நெல்லை நனைக்கிறது, பூஞ்சை பிடிக்கிறது. மண் குதிரோ மெதுவாகவே குளிரும். ஈரத்தில் ஓரளவை உறிஞ்சியும் கொள்ளும். ஆகவே உலர்த்தும் வசதியின்றித் தகரக் குதிரை மட்டும் கொடுப்பது பாதி விஞ்ஞானமே ஆகும்.

மேலும், குதிரில் இருப்பது ஒரு குடும்பத்தின் ஆண்டுச் சோறு. அடுத்த போகத்தின் விதை. அதை முழுவதும் பணயம் வைத்து யார் சோதனை செய்வார்? அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் வீரிய மக்காச்சோள விதை பரவிய விதத்தை ஆராய்ந்து, ரயன், கிராஸ் என்போர் 1943-இல் வெளியிட்ட முடிவுகள் இங்கு நினைக்கத்தக்கவை. விவசாயிகள் புதிய விதையைப் பற்றி விற்பனையாளரிடம் கேள்விப்பட்டனர்; அண்டை விவசாயியின் அனுபவம் கண்டே நம்பினர். முதலில் நிலத்தின் ஒரு சிறு பகுதியிலேயே விதைத்துப் பார்த்தனர்.

இந்த உண்மையைப் போற்றும் முயற்சி ஒன்று புதுச்சேரியில்தான் பிறந்தது என்பது நமக்குப் பெருமை. செய்து கற்றல் என்னும் கொள்கையுடன் இந்தியாவின் முதல் வேளாண் அறிவியல் நிலையம் 1974-இல் இங்கே, தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் நிர்வாகத்தில் தொடங்கப்பட்டது. இன்று நாடெங்கும் எழுநூறுக்கும் மேற்பட்ட இத்தகைய நிலையங்கள் உள்ளன. சொற்பொழிவைக் காட்டிலும் கண்ணால் காண்பதும் கையால் செய்வதும் விவசாயியிடம் வலிமை வாய்ந்தவை என்பதே இவற்றின் அடிப்படை.

சேமிப்பிலும் இதே பாடம்தான். 1980களின் பிற்பகுதியில் கேமரூன் நாட்டில், பர்டியூ பல்கலைக்கழகத்தின் லாரி மர்டாக் குழுவினர் காராமணியைக் காக்க மூன்றடுக்குப் பைகளை உருவாக்கினர். உள்ளே இரண்டு பாலிதீன் பைகள். வெளியே ஒரு சாக்கு. இறுகக் கட்டினால் உள்ளிருக்கும் பிராணவாயுவைப் பூச்சிகளே தீர்த்துவிட்டு, பெருக முடியாமல் அழிகின்றன. 2007-க்குப் பின் இப்பைகளைப் பரப்பியவர்கள், கிராமத்தார் முன்னிலையில் பைகளைக் கட்டி வைத்து, சில மாதங்கள் கழித்து அவர்கள் முன்னிலையிலேயே அவிழ்த்துக் காட்டினர். நம் கோவைப் பல்கலைக்கழகம் உருவாக்கிய துளைக்குழாய்ப் பொறியும் இத்தகையதே. தானியத்தில் அதைச் செருகினால், துளைகள் வழியே புகும் வண்டுகள் அடியிலுள்ள கூம்பில் விழுகின்றன. கண்ணுக்குத் தெரியாதிருந்த பகைவன் கண்ணெதிரே வந்துவிடுகிறான்.

மாணவர்களே, நீங்களும் ஒரு சோதனை செய்யலாம். நன்கு உலர்ந்த கண்ணாடிப் புட்டியில் பாதியளவு நெல்லும் சிறிது உலர்ந்த உப்புத்தூளும் இட்டு, மூடிச் சில நிமிடங்கள் குலுக்குங்கள். உப்பு கண்ணாடியில் ஒட்டினால், நெல்லின் ஈரம் 15 சதவீதத்திற்கு மேல் எனக் கொள்ளலாம். அது இன்னும் காயவேண்டும். உங்கள் ஊரில் நெல் வைத்திருக்கும் ஒருவர் முன்னிலையில் இதைச் செய்து காட்டுங்கள். அவர் கேட்கும் கேள்விகளைக் குறித்துக் கொள்ளுங்கள். அடுத்த குதிரை வடிவமைக்க வேண்டியவர்களுக்கு அக்கேள்விகள் மிகவும் பயன்படும்.